வராத கடைசி ரீல்

1

எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. அந்தப் பழைய இந்திக் காதல் படம் தொலைக்காட்சியில் எப்போது வந்தாலும் பார்க்கலாம், ஆனால் முடிவு வரை பார்க்கக் கூடாது. கதாநாயகி ரயில் நிலையத்தில் நிற்பாள். ரயில் வரும். பெட்டியின் கதவு திறந்து, படிக்கட்டில் ஒரு கறுப்பு ஷூ தெரியும். அந்த இடத்தில் அணைத்துவிட வேண்டும். சட்டத்தை இயற்றியவள் என் மனைவி கன்னியம்மா. பிள்ளைகள் இருவரும் இதிலேயே வளர்ந்தவர்கள். ஷூ தெரிந்ததும் யாரும் சொல்லாமலே மகள் எழுந்து பொத்தானை அமுக்குவாள். மகன் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போவான்.

அந்த ஷூ யாருடையது என்பதில் எனக்கும் கன்னியம்மாவுக்கும் நாற்பது வருடத்துக்கு மேலாக வழக்கு நடக்கிறது. அது நாயகனின் ஷூ, அவன் இறங்கிவிட்டான் என்பது அவள் கட்சி. திரையில் காட்டாத எதையும் நடந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது என் கட்சி. நான் துறைமுக அலுவலகத்தில் சரக்கு விடுவிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு காகிதம் குறைந்ததற்காகக் கப்பல் நிறையச் சரக்கைக் கரையில் காய வைத்திருக்கிறேன். ஷூவை மட்டும் வைத்து ஆளை விடுவிக்க என்னால் முடியாது.

போன மாதம் மகன் செல்வம் வந்து சொன்னான்: "உங்க படத்தைச் சுத்தம் பண்ணிப் புதுசா விட்டிருக்காங்க டாட். உங்க கல்யாண நாளுக்கு நீங்க இங்க பாருங்க, அம்மா அங்க பாக்கட்டும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஓடவிட்டுக்கலாம்."

சென்னையில், ராயபுரத்தில், அவனுக்கு நான் நைனா. கல்லூரிக்குப் போனதும் அப்பா ஆனேன். கனடாவில் டாட். பதவி உயர்வா இறக்கமா என்று தெரியவில்லை. உத்தரவு ஏதும் கைக்கு வரவில்லை.

2

இங்கே என்பது எட்மன்டன். அங்கே என்பது மெல்பர்ன். இடையில் ஒரு பெருங்கடலும் ஒரு தேதியும் இருக்கின்றன. எனக்குச் சாயங்காலம் ஆகும்போது அவளுக்கு மறுநாள் காலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து எல்லாவற்றிலும் அவள் என்னைவிட ஒரு நாள் முன்னால்தான் இருந்தாள். இப்போது அது அதிகாரப்பூர்வமாகிவிட்டது.

சொத்தைப் பங்கு பிரிக்கிற குடும்பங்களை ஊரில் பார்த்திருப்பீர்கள். எங்களிடம் பிரிக்கிற அளவுக்குச் சொத்து இல்லாததால் பிள்ளைகள் எங்களையே பிரித்துக்கொண்டார்கள். மகளுக்குப் பிரசவம், அம்மா அங்கே. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள், பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வர ஆள் வேண்டும், அப்பா இங்கே. இதில் யார் மேலும் தப்பில்லை. நல்ல பிள்ளைகள். அவர்கள் கேட்ட காலம் ஆறு மாதம். பிறகு குழந்தை நடக்கும் வரை, பேத்திக்கு இரண்டாம் வகுப்பு முடியும் வரை என்று நீண்டது. அரசாங்கத்தில் இதற்குத் தற்காலிகப் பணியமர்த்தம் என்று பேர். அதில் போனவன் அங்கேயே ஓய்வு பெற்றதைப் பார்த்திருக்கிறேன்.

என் நாள் சுலபமானது. காலையில் எல்லாரும் போன பிறகு காபி, பிறகு வாசற்படிப் பனியைத் தள்ளும் வேலை. கிழக்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகள் வெள்ளையாக ஆவி விடும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஊரில் மணலி ஆலைகளை ஒட்டிய நெடுஞ்சாலையில் நிற்பதுபோல் இருக்கும். வந்த புதிதில் அந்த வாசனைக்கு மூக்கு துடித்தது. இப்போது தெரிவதில்லை. மத்தியானம் பள்ளிக்குப் போய் பேத்தி இனியாவைக் கூட்டி வருவேன். அவள் தமிழில் "தாத்தா" என்று மட்டும் சொல்வாள். மீதி எல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் கேட்க, அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, இரண்டு அரசாங்கங்கள் கடிதம் எழுதிக்கொள்வதுபோல மரியாதையாகப் பேசிக்கொண்டு நடப்போம்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் கன்னியம்மா கூப்பிட்டாள். முகத்தைக் காட்டாமல் வழக்கம்போல் நெற்றியையும் மின்விசிறியையும் காட்டிக்கொண்டு பேசினாள்.

"யோவ், ஒயுங்கா கேட்டுக்கோ. மாசி மகத்துக்கு நான் காசிமேட்ல கீறேன். சாமி கடலுக்கு வரச்சொல்ல நான் கரையில நிக்கணும். விசா நீட்டிக்கிறதுலாம் வாணாம்னு பொண்ணாண்ட சொல்ட்டேன். கொயந்த நடக்குது, ஓடுது. இனிமே இங்க எனக்கு இன்னா வேல?"

"அவ என்ன சொன்னா?"

"அயுதா. நானும் அயுதேன். அப்பால ரெண்டு பேரும் டீ குட்ச்சோம். அத்த வுடு. நீ வர்றியா, வல்லியா?"

நான் விதியை எடுத்துச் சொன்னேன். நிரந்தர வசிப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டுமானால் ஐந்து வருடத்தில் குறிப்பிட்ட காலம் இந்த நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். அட்டை வாங்கிய பிறகும் பாதிக் காலம் ஊரிலேயே இருந்துவிட்டதால் எனக்கு இன்னும் சில மாதங்கள் குறைகின்றன, ஐந்து வருடமும் முடியப் போகிறது. இப்போது கிளம்பினால் கணக்கு உதைக்கும், அட்டை போய்விடும், மறுபடி விண்ணப்பித்தால் என் வயதுக்கு முடிவு வருவதற்குள் எனக்கு முடிவு வந்துவிடும்.

"அப்புறம் திரும்ப வர முடியாது, கன்னிம்மா."

"திரும்பி வர்றத யாருய்யா கேட்டா? வர்றதத்தான் கேட்டேன்."

பார்க்கலாம் என்றேன். அரசு அலுவலகத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும். அதிகாரியின் பெண்டாட்டி.

3

அந்தப் படம் ராயபுரத்துக்கு வந்தபோது பழசாகிவிட்டிருந்தது. மவுண்ட் ரோட்டில் மாதக்கணக்காக ஓடி, மழையில் நனைந்ததுபோல் கோடு விழுந்த பிறகுதான் எங்கள் பக்கத்துக் கொட்டகைகளுக்கு அனுப்புவார்கள். கதை இதுதான். மலைநகரத்தில் கடிகாரம் பழுது பார்ப்பவரின் மகள். அங்கே ரயில் பாலம் கட்ட வந்த பொறியாளன். காதல். பாலம் முடிகிறது, அவன் போய்விடுகிறான். கடிதம் வருவதில்லை. வருடங்கள் கழித்து, அவன் கட்டிய பாலத்தைக் கடக்க முதல் ரயில் வருகிறது. அவள் போய் நிற்கிறாள்.

இதில் ஒரு வார்த்தைகூட எங்களில் யாருக்கும் புரியாது. எங்கள் தெருவில் ஸ்டேஷன் பலகையில் இருந்த இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்தவர்கள் இருந்தார்கள். அவர்களே மாலைக் காட்சிக்கு முதல் ஆளாக வரிசையில் நின்றார்கள். மொழியைத்தான் எதிர்த்தோம், அந்தப் பெண்ணின் முகத்தை எதிர்க்கச் சொல்லி எந்தக் கட்சியும் தீர்மானம் போடவில்லை. பாட்டெல்லாம் வானொலியில் கேட்டு மனப்பாடம். கொட்டகை முழுக்கச் சேர்ந்து பாடும், அர்த்தம் தெரியாமல், உருகி.

அப்போது ஒரே படப்பெட்டியை இரண்டு கொட்டகைகள் பகிர்ந்துகொள்வது வழக்கம். கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு கொட்டகையில் காட்சி முன்னதாகத் தொடங்கும். அங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் வைத்துக் கட்டி எங்கள் கொட்டகைக்குக் கொண்டு வருவார்கள். இங்கே இடைவேளைக்கு முன்பு ஒரு பெட்டி, பின்பு ஒரு பெட்டி, கடைசியாக ஒரு பெட்டி. நடுவில் ரயில்வே கேட். துறைமுகத்துக்குப் போகிற சரக்கு ரயில் அந்தக் கேட்டில் நின்றால் நின்றதுதான். குறுக்கே போக வழியில்லை. கல்யாண ஊர்வலம், பிணம், ஆம்புலன்ஸ், எல்லாம் சமமாகக் காத்திருக்கும். நாட்டில் சமத்துவத்தை நான் கண்ணால் பார்த்த இடம் அது.

படத்தின் கடைசி நாள், மாலைக் காட்சி. ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. ஷூ தெரிந்தது. திரை வெள்ளையாகிவிட்டது.

முதலில் விசில். பிறகு ஒரு சிலைடு போட்டார்கள், சற்றுப் பொறுத்திருக்கவும் என்று. பொறுத்தோம். கேட்டில் சரக்கு ரயில் நிற்கிறது, பெட்டி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது என்று செய்தி வந்தது. மறுபடியும் பொறுத்தோம். இராத்திரி ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் நெளிய ஆரம்பித்தார்கள். பின்னாலிருந்து ஒருவன் பெஞ்சைத் தட்டினான். அது கொட்டகை முழுக்கப் பரவியது. நாற்காலி கிழியப் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அப்போதுதான் மேலாளர் அந்தக் காரியத்தைச் செய்தார். தேசிய கீதத்தின் இசைத்தட்டை வைத்துவிட்டார்.

அந்நாளில் படம் முடிந்ததும் தேசிய கீதம் போடுவார்கள், எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நின்றோம். பெஞ்சைத் தட்டியவனும் நின்றான். கீதம் முடிந்தது, விளக்குகள் எரிந்தன, கதவுகள் திறந்தன. கீதம் முடிந்தால் படம் முடிந்தது என்றுதான் பொருள். அதற்குப் பிறகு கலவரம் செய்ய நடைமுறையில் இடமில்லை. அவ்வளவு கூட்டமும் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தது. முப்பது வருட அலுவலக வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமாக ஒரு கோப்பு முடிக்கப்பட்டதை நான் பார்க்கவில்லை.

கொட்டகையில் பெண்களுக்குத் தனிப் பக்கம், நடுவில் இடுப்பளவு சுவர். வெளியே வந்த பிறகுதான் எல்லாரும் கலப்பார்கள். சோடாக் கடை வெளிச்சத்தில் நாலைந்து பெண்களுக்கு நடுவில் ஒருத்தி கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எறங்கிட்டாண்டி. நான் சொல்றேன். ஷூவ பாத்தியா இல்லியா? பாலிஸ் போட்ட ஷூ. அது அவன் ஷூதான்."

நான் அப்போதுதான் பட்டம் வாங்கி வேலையில் சேர்ந்திருந்தேன். உலகில் நான் திருத்தாத பிழை எதுவும் இருக்கக் கூடாது என்ற வயது.

"காட்டாததை எப்படிச் சொல்றீங்க?" என்றேன்.

அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"நீ இன்னா, சென்சார் போர்டா?"

அவள் தோழிகள் சிரித்தார்கள். "ஷூவை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன். என் குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

"அப்ப அவ அம்மாம் நேரம் நின்னது சும்மாவா? போய்யா. உன் மூஞ்சிக்கு யாரும் ஸ்டேசனாண்ட வந்து நிக்கமாட்டா."

அவள் காசிமேட்டுப் பெண். வீட்டில் விசைப்படகு இருந்தது. அம்மா மீன் ஏலத்தில் குரல் கொடுப்பவர். குரல் அங்கிருந்து வந்தது என்று பின்னால் தெரிந்தது. மறுநாள் படம் மாறிவிட்டது. அதனால் வழக்கைத் தீர்க்க ஆவணம் இல்லாமல் போயிற்று. நான் வாதாடுவதற்காகவே காசிமேட்டுப் பக்கம் போகத் தொடங்கினேன். இரண்டு வீட்டிலும் ஒப்புக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது. கல்யாணத்தன்று மாலை மாற்றும்போது காதருகில் சொன்னாள்: "பாத்தியா, எறங்கிட்ட."

அதன் பிறகுதான் சட்டம் வந்தது. படம் தொலைக்காட்சியில் முதன்முறை வந்தபோது ஷூ தெரிந்ததும் எழுந்து அணைத்துவிட்டாள். முடிவைப் பார்த்துவிட்டால் என்ன என்று கேட்டேன். "இம்மாம் வருசம் நல்லாதான போய்கினு கீது. இன்னாத்துக்கு பேஜாரு?" என்றாள்.

4

இந்த ஊர் மருத்துவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிரில் விரல்கள் மரத்துப்போகின்றன என்று காட்டப் போனேன். அவர் விரலை ஊசியால் தொட்டுப் பார்த்துவிட்டு, முதியவர்களுக்கான ஒரு கேள்வித்தாளை நீட்டினார். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்ததா? இல்லவே இல்லை, சில நாட்கள், பாதிக்கு மேற்பட்ட நாட்கள், ஏறக்குறைய எல்லா நாளும். ஒன்றைக் குறிக்க வேண்டும்.

நான் யோசித்துவிட்டு ஓரத்தில் "பொருந்தாது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவர் இது எந்தப் பதில் என்று கேட்டார். எங்கள் அலுவலகத்தில் செல்லுபடியாகும் பதில் என்றேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். கையுறை போடச் சொல்லி அனுப்பினார்.

உண்மையில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. அதுதான் விஷயம். முதல் வருடம் கன்னியம்மாவின் அழைப்பு வரவில்லை என்றால் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். இரண்டாம் வருடத் தொடக்கத்தில் மேசையில் இருந்தது. இப்போது மேலே மாடியில் சார்ஜில் கிடக்கிறது. மணி அடித்தால் இனியா கொண்டுவந்து தருகிறாள். என்ன சாப்பிட்டாய் என்று கன்னியம்மாவைக் கேட்பேன். சொல்வாள். நீ என்ன சாப்பிட்டாய் என்பாள். சொல்வேன். மெல்பர்ன் மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்ததற்கு அம்மாவைக் கடைக்காரர் கண்டித்தார் என்று மகள் சொன்ன நாளில் நான் கொதித்துப்போயிருக்க வேண்டும். ஊரில் இவள் செவுளைத் தூக்கினால் மீன்காரனே நாள்பட்ட சோப்பளாங்கி மீனை ஒளித்துவைப்பான். கேட்டேன், வைத்துவிட்டேன், பனி தள்ளப் போனேன்.

மாசி மகத்துக்கு வருகிறாயா என்று அவள் கேட்டாளே, அப்போதும் அப்படித்தான். வர வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. விதி தெரிந்திருந்தது, விதியைச் சொன்னேன். ஒருவனுக்கு ஒன்றும் தோன்றாதபோது விதிகள் பெரிய துணை.

5

கல்யாண நாள் வந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. செல்வம் தொலைக்காட்சியில் படத்தை எடுத்து வைத்துவிட்டு, இனியாவை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். நான் மட்டும். போனை ஒலிபெருக்கியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் பேரனின் பொம்மை எதுவோ கீச்சிட்டது.

"ஆரமிச்சியா?"

"ஆரம்பிச்சிட்டேன்."

"எனுக்கும் ஓடுது. மழ கோடெல்லாம் காணோமே. மூஞ்சி நல்லா தெரியிது. அவ மூக்குத்தி போட்டுகினு கீறாளா? எனுக்கு தெரியவே தெரியாது."

கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடியது. இத்தனை வருடம் கழித்து அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. பெரிதாக ஒன்றும் பேசவில்லை. காலை வணக்கம், மணி என்ன, கடிகாரம் ஏன் பின்தங்குகிறது. நாங்கள் கொட்டகையில் கற்பித்துக்கொண்ட வசனங்கள் இதைவிட நன்றாக இருந்தன.

பாட்டு வந்தபோது கன்னியம்மா அங்கே பாடினாள், அதே தப்பான உச்சரிப்பில். நான் பாடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாலம் முடிந்தது. அவன் போனான். அவள் நடந்து நிலையத்துக்கு வந்தாள். ரயில், புகை, கதவு. ஷூ.

"அவ்ளோதான்" என்றாள் கன்னியம்மா. "நிறுத்திட்டேன். நீயும் நிறுத்து."

ஊரில் தொலைக்காட்சியை அணைத்தபோது மீதி எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தேன். சண்டை, விளக்கம், மன்னிப்பு, இன்னொரு பாட்டு. இங்கே திரையின் அடியில் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. அதன் முனையில் விரல் நகம் அளவுதான் மீதி இருந்தது.

நான் நிறுத்தவில்லை. துணிச்சல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பொத்தான் கையில் இருந்தது, கட்டைவிரல் அதன் மேல் இருந்தது. விரல் நகரவில்லை.

படி மேல் இருந்த ஷூ கீழே இறங்கியது. அதற்கு மேல் வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் கோட்டு, கையில் டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவி. டிக்கெட் பரிசோதகர். நாங்கள் டிடிஆர் என்போமே, அவர். பிளாட்பாரத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். வேறு யாரும் இறங்கவில்லை. இறங்க வேண்டியவன் அந்த ரயிலில் இருக்கிறானா என்பதே தெரியவில்லை. மணி அடித்தார்கள். ரயில் அசைந்தது. அவள் கொஞ்ச நேரம் கூடவே நடந்தாள். பிறகு கம்பியைப் பிடித்து ஏறிவிட்டாள். பெட்டி இல்லை, படுக்கை இல்லை, கையில் கசங்கிய பிளாட்பார்ம் டிக்கெட். திரும்ப ஏறியிருந்த பரிசோதகர் வாசலில்தான் நின்றார். அவள் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு வெளியே மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

பாலத்தின் மேல் ரயில் போனது. முடிந்தது. அவன் கிடைத்தானா என்று சொல்லவில்லை.

கடமை தவறிய ஊழியர். பிளாட்பார்ம் டிக்கெட்டோடு பயணம் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த ஆள் இடத்தில் நான் இருந்திருந்தால் அவளை இறக்கிவிட்டிருப்பேன். ஏதாவது தோன்றியதா என்று கேட்டால், அதுதான் தோன்றியது.

6

"யோவ். கீறியா?"

போன் மடியில் திறந்தே இருந்தது.

"இருக்கேன்."

"இன்னாய்யா சத்தம் வந்துது? மணி அட்ச்சிது. ரயிலு போன மாரி..." நிறுத்தினாள். "பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

அந்தப் பக்கம் பொம்மை கீச்சிட்டது. அவள் அதை வாங்கி வைத்திருக்க வேண்டும், அது நின்றது.

"சரி சொல்லு. எறங்குனானா?"

நாற்பது வருடத்தில் அவள் அதைக் கேள்வியாகக் கேட்டது அன்றுதான்.

"இல்ல. அது அவன் ஷூ இல்ல. டிடிஆர் ஷூ."

இதற்கு அவள் அழுவாள் என்று நினைத்தேன். ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றே நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். மகள் ஓடிவந்து என்னம்மா என்று கேட்பது கேட்டது.

"உன் அப்பன் சொல்றான் கேளு. அது டிடிஆர் ஷூவாம். ஒரு டிடிஆர் ஷூவ நம்பி இந்தாளக் கண்ணாலம் கட்டிகினேன்டி." பிறகு என்னிடம்: "அப்பால? அந்தப் பொண்ணு இன்னா பண்ணிச்சி? அயுதுச்சா?"

"அழல. ஏறிட்டா."

"எதுல?"

"ரயில்லதான்."

"டிக்கெட்டு?"

"பிளாட்பார்ம் டிக்கெட்டுதான்."

"டிடிஆரு?"

"பாத்தாரு. பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டாரு."

"நல்ல மனுசன்" என்றாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. "இம்மாம் நாளு அவன் எறங்குனானா எறங்கலியான்னே அட்ச்சிகினோம் பாரேன். அவ ஏறுவான்னு உனுக்கும் தோணல, எனுக்கும் தோணல."

"ஆமா."

"செரி வுடு. நான் கேட்டதுக்கு இன்னா சொல்ற? மறுக்கா கேக்கமாட்டேன்."

அட்டை, நாள் கணக்கு, புதுப்பித்தல் எல்லாம் வரிசையாக வாயில் வந்து நின்றன. கேட்டில் சரக்கு ரயில் நின்றதுபோல.

"வரேன்" என்றேன்.

அவள் நம்பவில்லை. அதிகாரியின் பெண்டாட்டி.

"டிக்கெட்டு எடுத்துகினு வா" என்றாள். "அவ மாரி ஓடுற வண்டியில ஏறிடாத. உன் மூஞ்சிக்கு யாரும் திரும்பிக்கமாட்டான்."

7

செல்வத்திடம் சொன்னபோது அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். குழாயை நிறுத்தவில்லை.

"கார்டு போயிடும்."

"தெரியும்."

"இனியாவ யாரு கூட்டிட்டு வர்றது?"

"பள்ளிக்கூடத்திலேயே சாயங்காலம் வரைக்கும் வச்சுக்கிற ஏற்பாடு இருக்கு. காலியிடம் இருக்கான்னு விசாரிச்சேன். இருக்கு. விண்ணப்பம் மேசை மேல இருக்கு, நீ கையெழுத்துப் போட வேண்டியதுதான்."

அவன் குழாயை நிறுத்தினான். நான் போவதை அந்த விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்ட பிறகுதான் நம்பினான் என்று நினைக்கிறேன். என் பிள்ளை. ஈரக் கையோடு நின்றான்.

"படம் முழுக்கப் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன். அது டிடிஆர் ஷூ."

"எனக்குத் தெரியும்" என்றான். "காலேஜ் ஹாஸ்டல்ல பாத்தேன். அக்காவும் பாத்திருக்கா. அம்மாகிட்ட சொல்ல வாணாம்னு அப்பவே பேசிக்கிட்டோம்." ஒரு தட்டைத் துடைத்தான். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தான். "ஏதாவது ஒண்ணுன்னா இனிமே நான்தான் அங்க வரணும், நைனா. நீங்க வர முடியாது."

"ஆமா."

"சரி" என்றான்.

அவன் என்னை என்னவென்று கூப்பிட்டான் என்பதை நான் கவனித்தேன். அவன் கவனிக்கவில்லை. நான் எடுத்துச் சொல்லவில்லை.

8

இதை இடைவழி விமான நிலையம் ஒன்றில் எழுதி முடிக்கிறேன். அடுத்த விமானத்துக்கு நேரம் இருக்கிறது. கன்னியம்மா நேற்றே ராயபுரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு நாள் முன்னால். வூடு கலீஜா கீது, தண்ணி வரல, நீ வந்து ஒன்னும் கிழிக்கப்போறதில்ல, வா என்று குரல்செய்தி அனுப்பியிருக்கிறாள்.

எட்மன்டனிலிருந்து கிளம்பிய விதத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டுக்குள் நுழைந்தபோது என்னை நிறுத்தி நிறையக் கேட்டார்கள். எதற்கு வந்தீர்கள், எவ்வளவு காலம், யார் பொறுப்பு, மூட்டையில் என்ன, அந்த ஊறுகாயில் என்ன. புரிகிறதா என்று கேட்டபோது நம் ஊர் வழக்கப்படி தலையை ஆட்டினேன். புரியவில்லை என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து கேட்டார்கள். ஆகவே வெளியேறும்போதும் கேட்பார்கள் என்று தயாராகப் போனேன். எதற்குப் போகிறீர்கள் என்பதற்கு ஒரு பதில். நாள் கணக்குக் குறைவது தெரியுமா என்பதற்கு ஒரு பதில். திரும்பும் தேதி என்பதற்கு மட்டும் பதில் சரியாக அமையவில்லை. வரிசையில் நிற்கும்போது யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

பையைச் சோதித்தார்கள். இடுப்பு வாரைக் கழற்றச் சொல்லிப் பிறகு கொடுத்தார்கள். அதற்கு அப்பால் முத்திரை குத்துகிற மேசை எங்கே என்று தேடினேன். நீலச் சட்டை போட்ட ஓர் ஊழியரிடம் விசாரித்தேன். அப்படி ஒன்று இங்கே கிடையாது, நேராகப் போங்கள் என்றார். அந்த நாட்டை விட்டுப் போகிறவனை நிறுத்தி யாரும் எதுவும் கேட்பதில்லையாம். இத்தனை விதி தெரிந்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

அவர் கண்ணாடிக்கு வெளியே பனி வாரும் வண்டியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு போய் ஏறிவிட்டேன்.